கேட் ஓரத்து மஞ்சள் பூ

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சேலையூருக்கே நான்தான் நாட்டு வைத்தியன் என்று எனக்கு ஒரு நினைப்பு. கேட் ஓரம் படர்ந்து வருஷம் முழுக்கப் பூக்கிற கொடியை, மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவிடம் அளந்துவிட்டிருந்தேன். அவரும் எண்ணெய் காய்ச்சித் தலைக்குத் தடவிவந்தார். இன்று தன் வீட்டுக்காரரின் காமாலைக்கு அதையே அரைக்கப் பறித்துக்கொண்டு போனார்.

தாவரவியல் டீச்சரான என் மனைவி பதறிவிட்டாள். “அய்யோ, இது வெடிலியாங்கிற கொடிங்க! அழகுக்காக வெளிநாட்டுலேருந்து கொண்டுவந்து ரோட்டு நடுவுல நடுற செடி. பூவைப் பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும்.”

ஓடிப்போய் அக்காவின் மிக்ஸியை நிறுத்தினேன். காமாலைக்கு வைத்தியம் பார்க்க அவர் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றினோம்.

“அப்போ என் முடி மட்டும் எப்படி தம்பி இவ்ளோ வளர்ந்துச்சு?” என்றார் அக்கா.

மனைவி கேட் ஓரம் போய் ஒரு இலையைக் கிள்ளி மறுபடி பார்த்தாள்.

அக்கா கொடுத்துவிட்ட மிச்ச எண்ணெயை இப்போதுதான் என் வழுக்கையில் ரகசியமாகத் தடவிக்கொண்டேன். காலையில் தலையணை உறை மனைவியிடம் காட்டிக்கொடுத்துவிடும்.