அப்பாவின் சாட்சி

வெள்ளி, இரவு.

மதியம் லேபிலிருந்து அம்மாவின் போனுக்கு ரிப்போர்ட் வந்தது. போன் என்னிடம் இருந்தது. அப்பாவின் மூக்கிலிருந்து எடுத்த சதையில் இருப்பது சிறுநீரகப் புற்றுநோய் என்று போட்டிருந்தது. அந்தச் சிறுநீரகத்தை நான்கு வருடத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்களே, பிறகு எப்படி மூக்குக்கு வந்தது? அம்மா கேட்டபோது இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆபரேஷன் நடந்த மாதத்தில் வருடாவருடம் அப்பா சபையில் எழுந்து, தான் பிழைத்ததற்கு நன்றியாகச் சாட்சி வாசிப்பார். எழுதிக் கொடுப்பது நான்தான். இந்த ஞாயிறு வாசிக்க வேண்டியதைச் சாயங்காலம் சொல்லச் சொல்ல எழுதினேன். மூக்கில் பஞ்சு வைத்திருந்ததால் அவர் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"கர்த்தர் எனக்குப் பூரண சுகம் தந்தார்னு போடு, மக்கா."

என் பேனா நின்றுவிட்டது.

"என்னட்டி, கை வலிக்கா? சட்டுன்னு எழுது. மறுபடியும் மூக்கு ஒழுகுனா பேப்பரெல்லாம் செவந்துரும்."

அடுக்களையில் அம்மா சிரிப்பது கேட்டது. நான் எழுதினேன். அப்பா கீழே கையெழுத்துப் போட்டார்.

ஆண்டவரே, எல்லார் முன்னாலும் அவரை அதை வாசிக்க விடக் கூடாது. காலையில் போனை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அவர் படிக்கும்போது நான் எங்கே நிற்பது என்றுதான் தெரியவில்லை.