பதினொரு மதகில் நாலு

காத்தான்குடி
நவம்பர் 9

அன்பு மகள் நிஸ்றாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன செவ்வாய்க்கிழமை பெய்த மழையில் படுவான்கரைப் புது றோட்டுக்கு மேற்கே வயலில் வெள்ளம் இடுப்பளவு நின்றது. கிழக்கே, வாவிப் பக்கம், தரையில் தண்ணீர் தேங்கவே இல்லை. இதை உனக்கு வேறு யாரும் எழுதமாட்டார்கள்.

உம்மாவுக்குப் பிரஷர் இப்போது குறைந்திருக்கிறது. குளிசையை ஒழுங்காகப் போடுகிறா. பாங்கொக்கில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று தினமும் கேட்கிறா.

விஷயத்துக்கு வாறன். பிளானில் றோட்டுக்கு அடியால் தண்ணீர் போகப் பதினொரு மதகு. கட்டியது நாலு. மதகு குறைந்தால் அந்த இடத்தை நிரப்பக் கிறவல் மண் கூடுதலாகத் தேவை, அதைக் கொடுக்கிற கொந்தராத்து என்னுடையது. எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு லொறியை அனுப்பினேன். உன்னிடம் மறைத்து என்ன பயன்?

றோட்டுத் தொடக்கத்தில் பெரிய போர்ட். மேலே இரண்டு நாட்டுக் கொடி, கீழே பதினேழு கலர்க் கட்டம். ஐ.நா. உலகத்துக்கு வைத்த இலக்குகளாம். மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். போர்ட்டின் காலில் இரண்டு புடையன் சுற்றிக் கிடந்தன. வயல் வட்டையில் இருந்த பாம்பு முழுவதும் றோட்டில் ஏறிவிட்டது.

நமக்கு முப்பது வருஷமாக நெல் தருகிற கோணாமலையரின் வளவும், இன்னும் முப்பது வீடும் அந்த மேற்குப் பக்கத்தில்தான். "முதலாளி, வாவிக்குப் போற தண்ணிக்கு உங்கட றோட்டில விசா குடுக்க மாட்டாங்களாமோ" என்று சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. அவருடைய மகள் கேதீஸ்வரிக்குப் பிள்ளை பிறந்து பதினாறு நாள்.

நானும் அவரும் றோட்டு இஞ்சினியரிடம் போனோம். எங்கள் சம்மதத்தோடுதான் குறைத்தார்களாம். கடதாசியை நீட்டினார். பார்த்தால், றோட்டுக்காக ஊராரைக் கூப்பிட்ட கூட்டத்தன்று புரியாணிப் பார்சலுக்கு வரிசையில் நின்று நாங்கள் வைத்த கையெழுத்து! முதலாவது என்னுடையது, எட்டாவது கோணாமலையருடையது. அதுதான் பாங்கொக்கில் நீ வேலை செய்கிற கந்தோருக்கும் வந்திருக்கிறது.

அந்த இலக்குகளோடு றோட்டு பொருந்துகிறது என்று இந்த மாதம் நீ எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாயே. கொடுக்காதே மகள். என்னை நம்பவும் வேண்டாம், மதகை எண்ண ஓர் ஆளை அனுப்பு. மார்கழிக்கு முன் மற்ற ஏழு இடத்தையும் திறந்துவிடச் சொல். இந்தக் கடிதத்தை வாப்பாவின் பெயரோடு காட்டு. கொந்தராத்து போனால் போகட்டும்.

அல்லாஹ் உன் கையைக் காப்பாற்றட்டும்.

கோணாமலையர் வேலியடியில் கம்பு நட்டு மூன்று சிவப்புக் கோடு போட்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமை தண்ணீர் முதல் கோட்டைத் தொட்டது. நேற்று நாங்கள் இருவரும் பேசி முடித்தது இது: இரண்டாம் கோட்டில் பெண்களும் பிள்ளைகளும் நம்முடைய நெல்லுக் கிட்டங்கிக்கு வந்துவிட வேண்டும், கேதீஸ்வரி முதல் ஆளாக. மூன்றாம் கோட்டில் யாரிடமும் கேட்பதில்லை. ஜேசிபி என்னுடையது, றோட்டை வெட்டுவதும் நான். பொலிசுக்குப் போவது நான் மட்டும்.

வாப்பா
முத்தலிப்