கவனிப்புக்கு ஒரு பாட்டில் எண்ணெய்

அண்ணாச்சி,

இன்று காலை தென்காசி மார்க்கெட்டில் கடையைத் திறக்கும்போதே சாரல். குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்த ஒரு கூட்டம் என் கடை முன் ஒதுங்கி நின்றது. அருவியில் நின்றும் போகாத மசாஜ் எண்ணெய் வாசம் அவர்கள் தலையிலிருந்து அடித்தது. சிரிப்பு வந்தது. நீங்கள் இல்லாமல் வருகிற முதல் சீசன் இது.

நமக்குள் என்ன ஒட்டு, என்ன உறவு? எதிரெதிர் காய்கறிக் கடை. என் வெண்டைக்காயை முற்றல் என்று என் வாடிக்கையாளரிடமே சொல்வீர்கள். உங்கள் கீரைக்கு வயசாகிவிட்டது என்று நான் சத்தம் போடுவேன். "தாயி வாயைத் தெறந்தா மார்க்கெட்டுல காக்கா உக்காராது" என்று, நான் வாங்கிக் கொடுத்த டீயையே குடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். கஞ்சர் என்றால் அப்படி ஒரு கஞ்சர்! இதை எழுதாவிட்டால் உங்களைப் பற்றி எழுதியதாகவே இருக்காது.

குற்றாலத்தில் இருக்கிற அந்தப் பெரிய லாட்ஜுக்கு நாம் பாதிப் பாதியாகச் சரக்குப் போட்டு வந்தோம். புதிதாக வந்த பர்ச்சேஸ் மேனேஜர் ஒருநாள் பின்வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சீசன் ஆர்டர் முழுக்க உங்களுக்கே தந்திடுறேன். என்னையும் கொஞ்சம் கவனிச்சுக்கோங்க" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சீசனை நம்பி வெண்டையும் கத்தரியும் போட்டிருந்த அச்சன்புதூர்க் குடும்பங்களுக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன். லாட்ஜ் கைவிட்டால் அத்தனையும் செடியிலேயே முற்றிவிடும். கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நீங்கள் முந்திக்கொள்வீர்களோ என்ற பயம் வேறு.

மறுநாள் நீங்களே எதிர்க்கடையிலிருந்து எழுந்து வந்தீர்கள்.

"தாயி, அவன் ஒன்னையும் கவனிக்கச் சொன்னானா?"

"ஒங்களையுமா அண்ணாச்சி?"

"ஒன் பங்கையும் சேத்து எனக்குத் தாரேங்கான். ஒன்கிட்ட என் பங்கைத் தாரேன்னிருப்பான். நாம ரெண்டு பேரும் இதைப் பத்திப் பேசிக்கிட மாட்டோம்லா, அதான் அவன் போட்ட முதலு."

"கொடுக்காட்டி சரக்கைத் திருப்பிருவானே?"

"திருப்பத்தான் செய்வான். ஆனா கொடுத்தா, அது ஒன் மடியில இருந்தா போகும்? வெண்டைக்காயில இருந்துல்லா போகும்! ஒண்ணு, அச்சன்புதூர்க்காரன் வெலையில கை வைப்ப. இல்லாட்டி சொத்தையைச் சாக்குக்கு அடியில வைப்ப. பொறவு ஒன் காயை நான் கொறை சொல்லுததுல என்ன ருசி இருக்கு?"

இருவருமாகப் போய் முடியாது என்றோம். அன்றே இருவர் சரக்கும் 'வாடல்' என்று திரும்பி வந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். அருவிக்குப் போகிற ரோட்டோரம் சாக்கை விரித்து விற்றோம். என் காயையும் சேர்த்து நீங்கள் கூவினீர்கள். "தாயி கடைக் காய், தங்கமான காய்!" என்னைப் பாராட்டி நீங்கள் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

பிறகு, லாட்ஜ் முதலாளி வருகிற நாளாகப் பார்த்து, அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற உங்கள் சிநேகிதரைக் கூட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக நுழைந்தீர்கள். அவர் தோளில் துண்டு, உங்கள் கையில் எண்ணெய் பாட்டில். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்தேன்.

"சார், கவனிக்கச் சொன்னியளே! ஆளோட வந்திருக்கோம். எங்கன வலிக்கு?"

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. "என்ன கவனிப்பு?" என்றார் முதலாளி. அதற்குப் பிறகு நீங்கள் சிரிக்கவில்லை. "சரக்கு மட்டம்னா திருப்புங்க மொதலாளி. கேட்டதைக் கொடுக்கலைன்னு திருப்பப்பிடாது" என்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னீர்கள். பாட்டில் மூடியை நீங்கள் திருகித் திருகி மூடிக்கொண்டே இருந்ததை நான் பார்த்தேன். உங்களுக்கும் பயம் இருந்திருக்கிறது. அன்று உங்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டிருந்தால் ஆயுசுக்கும் கேலி செய்திருப்பீர்கள்.

முதலாளி விசாரித்தார். ஆர்டர் மறுபடியும் நம் இருவருக்குமே கிடைத்தது. சரக்கை இரண்டு பேர் சேர்ந்தே பார்க்க வேண்டும், திருப்பினால் காரணத்தை எழுதித் தர வேண்டும் என்று விதி வைத்தார். யார் எது கேட்டாலும் தன்னிடமே சொல்லலாம் என்று பின்வாசலில் போர்டும் மாட்டினார். "ஒரு போர்டு தொங்குததுக்கு நம்ம காயில்லா காய வேண்டியிருக்கு!" என்று முணுமுணுத்தீர்கள். ஆனால் அதோடு விடவில்லை. வியாபாரிகள் கூட்டத்தில் எழுந்து, யாரிடம் யார் கேட்டாலும் அன்றைக்கே மற்றக் கடைகளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றீர்கள். சிலர் தயங்கினார்கள். "கேட்டவனுக்கு இல்லாத வெக்கம் நமக்கு என்னத்துக்குவே?" என்று கேட்டீர்களே, தயங்கியவர்களும் சரி என்றார்கள்.

அன்று நீங்கள் என்னிடம் தந்த அந்த எண்ணெய் பாட்டில் என் கல்லா மேஜைக்கடியில்தான் இருக்கிறது. இன்று மத்தியானம் புதுக் கம்பெனி ஆள் ஒருவன் வந்தான். பெரிய ஆர்டர். பேசி முடிக்கிற நேரத்தில், "அக்கா, நம்மளையும் கவனிச்சுக்கிடணும்" என்று இளித்தான். பாட்டிலை எடுத்து அவன் முன் வைத்தேன்.

"எங்கன வலிக்கு தம்பி?"

பக்கத்துக் கடைகளில் சிரிப்பு கிளம்பியது. அவன் போய்விட்டான். ஆர்டரும் போயிருக்கும், போகட்டும்.

உங்கள் ஏற்பாட்டின்படி ஒவ்வொரு கடையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசியாக, பழக்க தோஷம், எதிர்ப்பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, ஒங்களையும் கேட்டானா?" என்று கூப்பிட்டுவிட்டேன். உங்கள் கடை ஷட்டர் இறங்கிக் கிடந்தது. பாட்டிலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். வலித்தது அண்ணாச்சி. எங்கன என்று கேட்கத்தான் நீங்கள் இல்லை.