நடுத் தூம்பு

பாளையங்கோட்டை
1911 செப்டம்பர் 20, புதன்

கோமு தலைப்பேற்றுக்காக அம்பாசமுத்திரத்திலிருந்து இன்று வந்து சேர்ந்தாள். நடுச்சுவரை ஒட்டிய அறையில் மகளுக்குக் கட்டில் போட்டாயிற்று. வாடைக்காற்று புகாத அறை இவ்வீட்டில் அது ஒன்றே. மற்றொன்று பாகப்பிரிவினையில் தம்பி அம்பலவாணனுக்குப் போயிற்று.

அறைக்கு நேர் மேலே, என் கூரைச் சரிவும் அவன் கூரைச் சரிவும் கூடும் இடத்தில், தகரத் தூம்பு. இரண்டு கூரைத் தண்ணீரையும் வாங்கித் தெருவில் கொட்டுவது அதுவே. பத்திரப்படி அது பொது. வேப்பஞ்சருகும் காக்கைக் குச்சிகளும் விளிம்புவரை நிறைந்து கிடக்கின்றன. புரட்டாசியில் அள்ளிவிட வேண்டும். இல்லையேல் ஐப்பசி மழை அறைக்குள்தான் இறங்கும்.

செப்டம்பர் 24, ஞாயிறு

அம்பலவாணன் ஏணியோடு வந்தான். அவன் பக்கம் கிணறு இருப்பதால் ஏணி ஊன்ற இடமில்லை. என் முற்றத்திலிருந்துதான் ஏற வேண்டும்.

“பிள்ளை வந்திருக்கால்லா, அண்ணாச்சி. மழைக்கு முந்தி நானே ஏறி அள்ளிப் போட்டுருதேன்” என்றான்.

நிற்கச் சொன்னேன். என் முற்றத்தில் அவன் ஆட்சேபமின்றி இருபது ஆண்டுகள் ஏணி ஊன்றி வந்தால் அது பாத்தியதையாக, நீங்காத உரிமையாக, முதிர்ந்துவிடும். என் அனுமதியின் பேரில் ஊன்றினால் முதிராது. கட்சிக்காரர்களுக்கு இதைச் சொல்லியே பிழைக்கும் வக்கீல் நான். “இது அனுமதி மட்டுமே, உரிமையன்று” என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துக் கேட்டேன்.

“சருகு அள்ளுததுக்குக் கையெழுத்தா? அப்ப ஒங்க முத்தத்துல மூச்சு விடுததுக்கும் ஒண்ணு எழுதிருங்க. சேத்துப் போட்டுருதேன்.”

ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

நான் கேட்டதில் பிழையில்லை. இல்லைதானே?

அக்டோபர் 3, செவ்வாய்

கூலிக்கு ஆள் பிடித்து நாமே அள்ளிவிடலாமே என்கிறாள் என் மனைவி ஆவுடைத்தாய். பொதுவான ஒன்றை நான் தனித்துப் பராமரித்தால், அதன் முழுப் பொறுப்பும் என்னுடையது என்று நானே ஒப்புக்கொண்டதாகும். பொறுமையாக விளக்கினேன். முழுவதும் கேட்டாள்.

“கோமுக்குச் சட்டம் தெரியாது. நனைஞ்சா குளிரும், அதுதான் தெரியும்.”

அக்டோபர் 14, சனி

கிழக்கே கறுத்திருக்கிறது. கோர்ட்டில் எதிர்வக்கீல் பேசும்போதெல்லாம் சன்னலையே பார்த்திருந்தேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

தூறல். அறையின் மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஈரம். தம்பிக்கு நோட்டீசு எழுதினேன். கிழித்தேன். வாசகத்தை மாற்றி எழுதினேன். அதையும் கிழித்தேன். அவன் இருமுவது நடுச்சுவர் வழியாக எனக்குக் கேட்கிறது. இவ்வளவு அருகில் இருப்பவனுக்குத் தபாலில் நோட்டீசா? ஆனால் வாயால் சொன்னால் சாட்சி ஏது?

உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

அக்டோபர் 29, ஞாயிறு. பகல்

விடிந்தது முதல் கோமுவுக்கு வலி. மழை விடவில்லை. சுவரோடு தண்ணீர் வழிந்து கட்டில்மேல் விழுது. வலி முற்றிவிட்டது, இனி அவளை நகர்த்தக்கூடாது என்கிறாள் மருத்துவச்சி. அண்டா, குண்டான், எல்லாம் ஏந்தியாச்சு, எல்லாம் நிறைஞ்சாச்சு. ஆவுடைத்தாய் என் முகத்தைப் பார்க்கவே மாட்டேங்கா. நான் என்ன கேட்டேன்? ஒரு வரிதானே கேட்டேன் —

அக்டோபர் 30, திங்கள்

நேற்று குடையில்லாமல் அம்பலவாணன் வாசலில் போய் நின்றேன்.

“என்ன, கையெழுத்தா?” என்றான்.

“ஏணி” என்றேன்.

அவன் மேல்துண்டைக்கூட எடுக்காமல் ஏணியோடு ஓடி வந்தான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். ஓடு வழுக்கியது. “பைய, லே! பைய!” என்று கத்தினேன். பிரிவினைக்குப் பிறகு அவனை ‘லே’ என்று அழைத்தது அதுவே முதல் தடவை. ஊறி அழுகிய சருகு கூடை கூடையாக என் தலையில் விழுந்தது.

மேலேயிருந்து குரல் வந்தது: “ஒங்க ஓடு ரெண்டு நொறுங்கிட்டு, அண்ணாச்சி! கேஸ் போட்டுருங்க!”

அடுத்த கணம் தெருவில் தண்ணீர் அருவிபோல் விழுந்தது. அறைக்குள் வழிந்தது மெல்லக் குறைந்து, சொட்டாகி, நின்றது.

விளக்கேற்றும் வேளையில் பெண் குழந்தை. இருவரும் நலம்.

1912 செப்டம்பர் 21, சனி

அம்பலவாணன் இன்று தூம்பை அள்ளினான். கீழே விழுந்த சருகைப் பிடிக்கப் பேத்தி தவழ்ந்து ஓடினாள். ஏணி சென்ற ஐப்பசியிலிருந்து என் முற்றத்துச் சுவரில்தான் சாய்ந்திருக்கிறது. மழையிலும் வெயிலிலும் நிறம் வெளுத்துவிட்டது.

“ஏணியை எங்க பக்கம் கொண்டு போயிரட்டா, அண்ணாச்சி? இங்கன கெடக்கது ஒங்களுக்குத் தொந்தரவுல்லா?” என்று கேட்டான்.

‘எடு’ என்றால் பாத்தியதை முதிராது. ‘இருக்கட்டும்’ என்றாலோ அது அனுமதியாகிவிடும், அப்போதும் முதிராது. ஆகவே இரண்டையும் சொல்லவில்லை.

“காப்பி ஆறுது, வா லே” என்றேன்.