திரைக்குப் பின்னால் ஒரு தட்டு நூடில்ஸ்

1996 ஆகஸ்ட் 11, ஞாயிறு

நித்திரை வரவில்லை. உம்மாவின் குரல் இன்னும் காதுக்குள் நிற்கிறது.

குவைத்தில் சீனச் சாப்பாட்டுக் கடையில் சமைத்த என் கணவர், இன்று எங்கள் குசினிக்குள் இறங்கினார். மருமகன் அடுப்படிக்கு வருவதா என்று உம்மாவுக்கு வெட்கமும் கோபமும். மருமகன் முன்னால் மாமி வராத எங்கள் ஊர் வழக்கப்படி அறைத் திரைக்குப் பின்னால் போய்விட்டா. எங்கள் கலியாண நாளிலிருந்து இருவரும் நேரே கதைத்ததில்லை. எல்லாம் என் வழியாகத்தான்.

அவித்த நூடில்ஸை உலரவிட்டு, தாச்சியில் அழுத்தி, அடை மாதிரி இரண்டு பக்கமும் பொன்னிறமாகப் பொரித்தார். இறாலும் கணவாயும் போட்ட ஆணத்தைச் சோளமா கரைத்துத் தடிப்பாக்கி மேலே ஊற்றினார். கை ஓரிடத்திலும் தடுமாறவில்லை. வாய் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மருமகன் தின்ற பிறகுதான் உம்மா தின்பா. அதற்குள் எல்லாம் ஊறிப்போய்விடுமே என்று நான் கவலைப்பட்டேன். அவரோ தின்று முடித்ததும் எழும்பி, உம்மாவுக்கென்று புதிதாக ஒன்று பொரித்தார்.

"மாமிக்கு உடனே குடுங்க புள்ள. ஊறினாச் சரிவராது."

கொண்டுபோய்க் கொடுத்தேன். திரைக்குப் பின்னால் நொறுக் நொறுக்கென்ற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு திரை விலகி, தட்டோடு உம்மாவே வெளியில் வந்தா. என்னைப் பார்க்காமல் நேரே அவரிடம் போனா.

"மகன், ஆறமுந்தி இன்னும் கொஞ்சம் ஆணம் ஊத்துங்க."

அத்தனை சமையலிலும் ஒரு துளி சிந்தாதவர், அவசரமாக அகப்பையை எடுத்து ஊற்றினார். பாதி ஆணம் நிலத்தில்.