ரோமர் முட்டிக்கு ஒரு சாண் தள்ளி

ஏச்சு விழ விழச் சிரிக்கிற என் அன்புத் தவம்,

உன்னைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். இதை வேறு எப்படிச் சொல்வதென்று ஒரு கிழமையாக யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

நீ நெஞ்சுச்சளி என்று படுத்து எழும்பாமல் போனபோது இந்த வெள்ளைக்காரன் நாட்டில், மனோர் பார்க்கில் ஒரே வீட்டில் ஆறு பெடியள் இருந்தோம். சாவகச்சேரியிலிருந்து உன் அம்மா தொலைபேசியில் அழுதழுது கேட்டது ஒன்றுதான். "தம்பி ரவி, என்ர பிள்ளையைக் கண்ட கண்ட தண்ணியில கரைச்சுப் போடாதையுங்கோ. கீரிமலைக்குக் கொண்டு வாங்கோ. நான் என்ர கையால கடல்ல விடவேணும்." சரியென்று வாக்குக் கொடுத்தேன். சண்டையால் ஊருக்குப் போகிற பாதையோ பூட்டிக் கிடந்தது. சாம்பல் போட்ட முட்டிப்பானையைச் சனம் புழங்குகிற வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று மற்றவர்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள்.

கடைசியில் நீ வேலைசெய்த கராஜ் முதலாளிக் கிழவனிடம் கேட்டு, அதன் பின்வளவில் மதிலோரம் புதைத்தோம். வெள்ளைத் துணியால் வாய் கட்டிய மண்முட்டி, பக்கத்தில் அகல்போல ஒரு சிட்டி விளக்கு. நினைவிருக்கிறதா? உனக்கு எப்படி நினைவிருக்கும், விசர்க்கதை கதைக்கிறேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு திவசத்துக்கும் போய்க் கற்பூரம் கொளுத்தி, அந்த வருடத்துப் புதினம் எல்லாம் சொல்லி, உன்னை நாலு ஏச்சு ஏசிவிட்டு வருவேன். அம்மா தொலைபேசி எடுத்துக் கதைக்கும் போதெல்லாம் முதல் கேள்வி, "என்ர பிள்ளை பத்திரமா இருக்கிறானே தம்பி?" "ஓம் அம்மா, பத்திரமா இருக்கிறான்." என் வாழ்க்கையில் நான் இத்தனை தரம் சொன்ன பதில் வேறு இல்லை.

இந்த முறை, இப்போது நான் இருக்கிற செவன் கிங்ஸிலிருந்து பஸ் எடுத்து வந்து இறங்கினால், கராஜைக் காணவில்லை. கிழவன் போன மாரிகாலத்தில் செத்துப்போனானாம், அவன் பிள்ளைகள் காணியை விற்றுவிட்டார்கள். பலகை வேலிக்குப் பின்னால் ஒரு பெரிய பள்ளம். அதற்குள் மஞ்சள் தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பிள்ளைகள் முழங்காலில் இருந்து சின்னச் சின்னக் கரண்டிகளால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். முறிகண்டிப் பிள்ளையாரே என்று வாய்விட்டுக் கத்தினேன்.

புதுக்கட்டடம் எழும்ப முன் மண்ணுக்குள் கிடக்கிற பழையதைத் தோண்டிப் பார்க்கிறவர்களாம், பொறுப்பானவள் ஹெலன் என்ற பெண். நான் வேடிக்கை பார்க்க வந்தவன் என்று நினைத்து ஆசையாசையாக விளக்கம் சொல்லத் தொடங்கினாள். முன்னால் பஸ் ஓடுகிற ரோட்டு ரோமர் போட்டதாம். அந்த ரோட்டோரம் இங்கே ஒரு குடியிருப்பு இருந்ததாம். கிணறு, பாண் சுடுகிற போறணை அடுப்பு, வண்டிக்காரர் இறங்கிச் சாப்பிட்டுப் போகிற கடைகள். பஸ்கள் நின்று போகிற கோயிலும் கச்சான்கடலைக் கடையுமாக நம்முடைய முறிகண்டி மாதிரித்தான் என்று என் புத்தி தன்பாட்டுக்குச் சொன்னது. "செத்தவர்களை வீடுகளுக்குப் பின்னால், ரோட்டோரமாகவே புதைத்தார்கள்" என்று சொல்லி, மேசையில் இருந்த ஒன்றைக் காட்டினாள்.

ஒரு முட்டி. உள்ளே எரிந்த எலும்பு.

மச்சான், எனக்கு உலகம் இருண்டுபோனது. "அது என்ர சிநேகிதன்! வையுங்கோடி கீழை!" என்று தமிழிலேயே கத்திக்கொண்டு பாய்ந்து முட்டியைக் கட்டிப்பிடித்தேன். தொப்பிகள் எல்லாம் பள்ளத்திலிருந்து எழும்பி நின்றன. "ஐயா, இவர் ரோமர் காலத்து ஆள்" என்றாள் ஹெலன். "இல்லை, இவன் சாவகச்சேரி ஆள்" என்றேன் நான். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

பக்கத்தில் விளக்கு ஒன்று வைத்தோம் என்று நான் சொன்னதும் அவளுக்கு முகம் வெளிறிவிட்டது. ஓடிப்போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து திறந்தாள். மண்விளக்கு! ஆனால் மேலே மூடி, மூக்கு வைத்த விளக்கு. நம்முடைய சிட்டி இல்லை. அப்போதுதான் முட்டியை ஒழுங்காகப் பார்த்தேன். கறுப்பு மண், வேறு வடிவம். இது நீ இல்லை. ஆயிரத்தெண்ணூறு வருடத்துக்கு முன்னாலும் யாரோ ஒருத்தர், தன்னுடைய ஆள் இருட்டுக்குள் கிடக்கக் கூடாதென்று விளக்கு வைத்திருக்கிறார்.

அப்ப நீ எங்கேயடா?

ஹெலன் என்னைக் கூட்டிப்போய் ஒரு வட்டமான கறுப்புத் தடத்தைக் காட்டினாள். அதுதான் நாங்கள் தோண்டிய குழியின் அடி. ரோமர் முட்டி இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி. மேல்மண்ணை மெஷின் வழித்திருக்கிறது. மிச்சத்தைக் கையால் எடுத்த பெடியன் ஒருவன் முன்னுக்கு வந்தான். அழுதுவிடுவான் போலிருந்தது. "உடைந்த பூச்சாடி என்று நினைத்தேன். குவியலில் எறிந்துவிட்டேன்."

பூச்சாடி! அட கோதாரி! ரோமரின் எலும்பைத் தூரிகையால் துடைத்து எடுத்தவர்கள், உன்னை, நேற்றைய மனுசனை, குப்பையில் எறிந்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த தூஷணம் எல்லாம் சொல்லி ஏசினேன். பிறகு அந்த மண்மலைக்கு முன்னால் குந்தி இருந்து, நெஞ்சில் அடித்து அழுதேன். அம்மாவுக்கு நான் என்னத்தைச் சொல்ல?

யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. ஹெலன் பள்ளத்து வேலையை நிறுத்திவிட்டு எல்லாரையும் குவியலுக்கு வரச் சொன்னாள். அரிதட்டு வைத்து மண்ணை அரித்தோம். என் பக்கத்தில் இருந்து வேர்த்து விறுவிறுக்க அரித்தவன் அந்தப் பெடியன்தான். பின்னேரம் முட்டியின் அடிப்பாதி கிடைத்தது, அதில் சாம்பல் மண்ணோடு மண்ணாக இறுகிப்போய் இருந்தது. துணி முடிச்சும் கிடைத்தது. கடைசியாகச் சிட்டி விளக்கு, விளிம்புகூட உடையாமல். அதை என் கையில் தந்தபோது ஹெலன் சொன்னாள், "பழையதைத் தேடுகிற அவசரத்தில் உங்களைப் பார்க்காமல் விட்டுவிட்டோம்."

அடுத்த நாள் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஊர்ச்சனம் எல்லாம் இடம்பெயர்ந்த பிறகு அவர் தெற்கே வெள்ளவத்தையில் ஓர் அறையில் இருக்கிறார். வழக்கம்போல அதே கேள்வி. இந்த முறை ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், பூச்சாடி உட்பட.

"ஒரு சாண் தூரத்திலையோ தம்பி அந்த மற்ற முட்டி?"

"ஓம் அம்மா."

"விளக்கோட?"

"ஓம்."

"அப்ப என்ர பிள்ளை இவ்வளவு காலமும் தனியக் கிடக்கேல்லை" என்றார். பிறகு கேட்டாரே ஒரு கேள்வி, நான் எதிர்பார்க்கவே இல்லை. "அந்தப் பிள்ளை என்ன வயசாம்?"

எலும்பைப் பார்த்தால் இளம் ஆள் போலத் தெரிகிறது என்று ஹெலன் சொல்லியிருந்தாள். அதைச் சொன்னேன்.

"ஐயோ பாவம். அதை இப்ப எங்கை கொண்டுபோய் வைச்சிருக்கினம்? அதுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள் தானே?"

மச்சான், அந்தப் பள்ளத்தில் நின்ற இவ்வளவு பேரில், நானும் சேர்த்து, ஒருத்தருக்கும் அந்தக் கேள்வி வரவில்லை.

நீ இப்போது செவன் கிங்ஸில் என் வீட்டு ஹோலில் இருக்கிறாய். கூடாது என்று சொன்னவர்களை வாசலோடு திருப்பிவிட்டேன். "அவர் என்ன வேற ஆளே, இருக்கட்டும்" என்று என் மனுசியே இடம் ஒதுக்கித் தந்தாள். பாதை திறக்கிற அன்றைக்கு உன்னை மடியில் வைத்துக் கொண்டுபோய் அம்மாவின் கையில் கொடுப்பேன், கீரிமலையில். அதுவரைக்கும் உன் திவசத்தில் இரண்டு விளக்கு எரியும். ஒன்று உனக்கு, மற்றது உனக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்த பிள்ளைக்கு. அது அம்மாவின் உத்தரவு.

இப்படிக்கு,
உன் அம்மாவுக்கு இங்கே மிஞ்சியிருக்கிற பிள்ளை,
ரவி