கருணைக் கூழாங்கற்கள்

செப்டம்பர் 4, வியாழன்

முதலாண்டு மாணவர்களுக்குப் பாறை வகைகள் நடத்தினேன். முப்பத்தொரு பேரில் நால்வர் விழித்திருந்தார்கள். வீட்டில் மகள் ஓர்லியின் மதியச் சாப்பாட்டு டப்பா திறக்காமலே திரும்பியிருந்தது. "பசிக்கல" என்றாள். பதினாறு வயதில் பசிக்காதாம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

டப்பா விஷயம் தெரிந்துவிட்டது. பள்ளி உணவுக்கூடத்தில் என் மகள் நடந்துபோனால், ஃபுட்பால் குழுவின் மேசை முழுக்க "ஸ்ஸ்ஸ்" என்று சீறுகிறதாம். ஹிட்லர் யூதர்களைக் கொன்ற அறைகளில் விஷவாயு திறக்கும் சத்தம். தலைவன் கார்சன் என்பவன். யூதர்களைப் பற்றி நாள்தோறும் உளறும் எவனோ ஒருவனைக் கைபேசியில் பார்த்துக் கற்றிருக்கிறார்கள். வரலாற்றுப் பாடத்தில் தேறாதவர்களுக்கு இந்த ஒரு வரலாறு மட்டும் மனப்பாடம்.

கழிவறையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தாளாம். இறங்கவில்லை.

"ஆகஸ்ட்லயே சொன்னேனே" என்றாள்.

சொன்னாள்தான். அப்போது ஒருவன், ஒரே ஒரு தடவை. நான் என்ன சொன்னேன்? "பெரிசுபடுத்தாதே. சங்கிலியைச் சட்டைக்குள்ள போட்டுக்க." அவள் கழுத்துச் சங்கிலியில் யூதர்களான எங்கள் ஆறுமுனை நட்சத்திரம் இருக்கிறது. இதை எழுதி வைக்கிறேன். மறந்துவிடுவது மிக வசதியாக இருக்கும்.

செப்டம்பர் 11, வியாழன்

பள்ளி முதல்வர் விட்காம்பைப் பார்த்தேன். காபி கொடுத்தார். முகத்தில் இரங்கல் தயாராக இருந்தது.

"ப்ரொபசர் கட்லர், கேக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா பசங்க சும்மா பாம்பு மாதிரி சத்தம் போட்டோம்னு சொல்றாங்க."

"உங்க டீமோட சின்னம் பருந்துதானே?"

"காலம் அப்படி இருக்கு. எல்லாப் பக்கத்துலயும் கொந்தளிப்பு."

எந்தப் பக்கம்? அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கும் பக்கமா? இதை அங்கே சொல்லவில்லை. காரில் ஏறி ஸ்டியரிங்கிடம் சொன்னேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

எல்லாப் பெற்றோருக்கும் விட்காம்பின் மின்னஞ்சல். எண்ணிப் பார்த்தேன். "வெறுப்பு" ஒன்பது முறை. "நம் பள்ளிக் குடும்பம்" ஆறு முறை. "யூதர்" – ஒரு தடவைகூட இல்லை. யாரை யார் வெறுத்தார் என்பது அடுத்த தலைமுறை ஆய்வாளர்களுக்கு விடப்பட்டிருக்கிறது.

இன்று மாலை ஆட்டத்தில் கார்சன் ஆடினான். பள்ளிக் குடும்பம் கைதட்டியது.

செப்டம்பர் 18, வியாழன்

ஓர்லி ஒரு படிவம் கொண்டுவந்தாள். பள்ளியை விட்டு விலகி வீட்டிலிருந்தே கணினியில் படிப்பதற்கு.

"கையெழுத்துப் போடு. அக்டோபர் இருபத்தொண்ணுக்குள்ள குடுக்கணும்."

"ஓடிப்போறதா ஆயிடாதா?"

"பெரிசுபடுத்தாதேன்னு நீதான சொன்ன. இதைவிடச் சின்னதா என்னால ஆக முடியாது."

ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தை வைத்து ஒட்டிவிட்டுப் போய்விட்டாள். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கிறது.

செப்டம்பர் 26, வெள்ளி

பள்ளியில் "ஒற்றுமை நாள்" அறிவித்திருக்கிறார்கள். ஆளுக்கொரு வண்ணக் கூழாங்கல், அதில் ஒரு நல்ல வார்த்தை. "கருணைக் கற்கள்" என்று பெயர். எல்லோருக்கும் இலவச டோனட்.

தேதி, அக்டோபர் இரண்டு. யோம் கிப்பூர், எங்கள் பாவமன்னிப்பு நாள். எதையும் அவ்வளவாக நம்பாத நான்கூட வருடத்தில் பட்டினி கிடக்கும் ஒரே நாள். எங்களுக்காக நடத்தும் விழாவுக்கு, எங்களில் ஒருவரும் வர முடியாத நாளை இவ்வளவு துல்லியமாகத் தேர்ந்தெடுக்கத் தனித் திறமை வேண்டும்.

அலுவலகத்தைக் கூப்பிட்டேன். அந்த அம்மாள் நல்லவள். "அடடா, பாவமே. உங்க பொண்ணுக்கு ஒரு டோனட் எடுத்து வைக்கிறோங்க. மறுநாள் சாப்பிடட்டும்."

அக்டோபர் 1, புதன்

சூரியன் மறைந்ததும் உபவாசம் தொடங்கும். அதற்குமுன் யாருக்குத் தீங்கு செய்தோமோ அவரிடமே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்தக் கணக்கைக் கடவுள் தீர்த்துவைக்க மாட்டார். மறுத்தால் மறுபடி கேட்க வேண்டும். மூன்று முறைவரை.

கார்சனின் கடிதம் வந்தது. பள்ளி சொல்லி எழுதியது. "யார் மனமாவது புண்பட்டிருந்தால்." அந்த 'யாராவது' சமையலறையில் நின்று படித்துவிட்டுக் குப்பையில் போட்டாள்.

சிரிப்பு வந்தது. பிறகு என் முறை நினைவுக்கு வந்தது.

"ஓர்லி, ஆகஸ்ட்ல நான் சொன்னது தப்பு. மன்னிச்சிடு."

கேன்வாஸ் ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "இது ஒண்ணு" என்றாள்.

எங்கள் ஜெப ஆலய வாசலில் துப்பாக்கியோடு காவலர். என் பையைத் திறந்து பார்த்தார். போன வருடம் ஒருவர். இந்த வருடம் மூவர்.

அக்டோபர் 2, வியாழன்

தலைவலி. பொழுது சாயும்போது இரண்டாம் முறை கேட்டேன்.

"வீட்டுக்குள்ளயே கேக்குற. இதுவும் சட்டைக்குள்ளதான் இருக்கு."

அக்டோபர் 3, வெள்ளி

ஓர்லியின் பங்கு வந்து சேர்ந்தது. ஒரு நாள் பழைய டோனட். ஊதா எழுத்தில் "அன்பாயிரு" என்று ஒரு கல். சுண்ணாம்புக் கல், தோட்டக்கடையில் மூட்டையாகக் கிடைப்பது. எங்கள் வழக்கத்தில் கூழாங்கல் வைப்பது கல்லறைமேல். பள்ளிக்கு என்ன அவசரமோ.

அக்டோபர் 20, திங்கள்

பள்ளி வாரியக் கூட்டம். பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். துறைக் கூட்டத்தில்கூட வாய் திறக்காதவள் நான். போகிறேன் என்று மட்டும் ஓர்லியிடம் சொன்னேன். அவளும் வந்து காரில் ஏறி உட்கார்ந்தாள்.

"நேரத்தைப் பாத்துக்குங்க, ப்ரொபசர்" என்றார் வாரியத் தலைவி.

தாளைப் படித்தேன். உணவுக்கூடம், சத்தம், கழிவறை. பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

"முதல்ல மூடி மறைச்சது உங்க முதல்வர் இல்ல. நான். என் பொண்ணை ஒளிஞ்சுக்கச் சொன்னேன். உங்க எல்லார் முன்னாடியும் அவகிட்ட மன்னிப்புக் கேக்கறேன். மூணாவது தடவை. இனி உங்க முறை."

பையிலிருந்த கருணைக் கல்லைத் தலைவியின் மேசையில் வைத்தேன். "இதை நாங்க செத்தவங்களுக்குத்தான் வைப்போம். என் பொண்ணு உயிரோட இருக்கா."

அப்போது பின்வரிசையிலிருந்து, மெதுவாக – "ஸ்ஸ்ஸ்."

பையன் இல்லை. வளர்ந்த ஆளின் மூச்சு. கூட்டம் முழுவதும் கேட்டது. விட்காம்ப் தரையைப் பார்த்தார்.

"இதுதாங்க அந்தப் பாம்பு" என்றேன்.

ஓர்லி எழுந்து பின்பக்கம் திரும்பி நின்றாள். யார் என்று பார்த்தாள், அவ்வளவுதான். ஒரு வரிசையே தலையைக் குனிந்துகொண்டது.



அக்டோபர் 22, புதன்

விட்காம்பின் புது மின்னஞ்சல். "யூத" என்ற சொல் ஒருமுறை வருகிறது, அடைப்புக்குறிக்குள். வளர்ச்சி. கார்சனுக்கு மீதி ஆட்டங்கள் கிடையாதாம். மூன்று தகப்பன்மார் கொதித்து வாரியத்துக்கு எழுதியிருக்கிறார்கள். சீறலைப் பற்றி அல்ல, ஆட்டங்களைப் பற்றி.

மன்னித்தாளா என்று ஓர்லியிடம் கேட்கவில்லை. மூன்றுக்குமேல் கேட்க வேண்டியதில்லை.

கெடு நேற்றோடு முடிந்தது; அவள் கையெழுத்துக் கேட்கவில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் படிவம் இருந்த அந்தக் காந்தத்தின் கீழ் இப்போது பல் மருத்துவரின் சீட்டு இருக்கிறது.

பள்ளியிலிருந்து வந்து டப்பாவைக் கழுவப் போட்டிருந்தாள். உள்ளே ரொட்டியின் ஓரங்கள் மட்டும். அதை அவள் எப்போதுமே தின்றதில்லை.